இரண்டாம் மாடியில் வெயில் இல்லை

பஸ் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது இன்றைக்கும் நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ரோட்டில் நாற்றம் ஒன்றும் இல்லை. கட்டடத்தைப் பூட்டிப் பல மாதமாகிவிட்டது. என் மூக்குக்குத்தான் அது தெரியாது. நனைந்த கார்ப்பெட், பலமுறை காய்ந்த எண்ணெய், எங்கேயோ செத்துக் கிடக்கும் எலி, எல்லாவற்றையும் மறைக்க மேலே அடித்த எலுமிச்சை சென்ட். அந்தக் கலவையை ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு ஆயுசுக்கும் போதும்.

முகப்பில் இருந்த பெரிய எழுத்துகளில் பாதி விழுந்துவிட்டன. மேலே கண்ணாடியில் ஏதோ நகைக்கடை விளம்பரத்து நடிகையின் முகம் கிழிந்து தொங்குகிறது. மூக்கோடு சரி, அதற்குக் கீழே வாயும் இல்லை, நகையும் இல்லை. வாசலில் நாய்கள் படுத்திருக்கின்றன. பார்க்கப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கும். அந்த அருவருப்பில் பாதி என்மேலேயே உள்ளது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான்.

எங்களுடையது மேட்சிங் கடை. பிளவுஸ் துணி, லைனிங், சேலைக்கு ஃபால், உள்பாவாடை, அவ்வளவுதான். திருவனந்தபுரத்தில் சாலை என்று பெயருள்ள கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டு பேர் சேர்ந்து நின்றால் அடைத்துப்போகும் அகலத்தில் இருந்தது. என் மாமனார் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து பிடித்த கடை. அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரர். அவர் எனக்குச் சொந்த அத்தை மகன். அதனால் கல்யாணத்துக்கு முன்னும் அத்தான், பின்னும் அத்தான்.

சாலையில் துணிக்கடைக்கா பஞ்சம்? எங்களைவிடப் பெரிய கடைகள் அந்த வரிசையிலேயே ஏழெட்டு இருந்தன. எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அத்தானின் கண். அவர் வெட்டிக் கொடுத்த துணி சேலையோடு சேரவில்லை என்று ஒருத்தியும் படியேறித் திரும்பி வந்ததில்லை. நெய்யாற்றின்கரையிலிருந்தும் ஆற்றிங்கலிலிருந்தும் பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள் என்றால் அந்த ஒரு காரணத்துக்காகத்தான். அது போனால் எங்களுக்கு வேறு ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெயிலில் காட்டாமல் அவர் கத்தரியைத் தொடமாட்டார். மாமனார் வைத்த பழக்கம் அது. கடை கிழக்குப் பார்த்தது. வாசலில் ஒரு கருங்கல் படி. சேலையை இடது கையில் போட்டுக்கொண்டு, பேலாகச் சுற்றிய துணியை வலது தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கித் தெருவில் நிற்பார். சுமட்டுக்காரர்கள் மூட்டையோடு "வழி, வழி" என்று கத்திக்கொண்டு போவார்கள். உந்துவண்டிக்காரன் திட்டுவான். அத்தான் அசையமாட்டார். டியூப் லைட்டின் கீழே ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு துணியில் ஒன்று வெயிலில் வந்ததும் சிவப்பு காட்டும், இன்னொன்று நீலம் காட்டும். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு "சேரும்" என்பார். அல்லது "சேராது" என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டார். சேராது என்றால் காலில் விழுந்தாலும் வெட்டமாட்டார்.

மாலை ஐந்து மணிக்குப் பிறகு மயில்கழுத்து நிறமும் கத்தரிப்பூ நிறமும் எங்கள் கடையில் கிடையாது. "நாளைக்கு வெயிலோட வாங்க சேச்சி" என்று அனுப்பிவிடுவார். இடவப்பாதி மழைக் காலத்தில் சேலைப் பையோடு பெண்கள் சந்தில் குடை பிடித்துக்கொண்டு மேகம் விலகக் காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒருத்தி அலுத்துப்போய், "சூரியன் சேட்டன்றெ பார்ட்னர் ஆணோ?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தச் சந்தே பிடிக்காது. கரமனையில் எங்கள் வீட்டிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து, கிழக்கேகோட்டையில் இறங்கி நடப்பேன். சாயங்காலம்வரை கடையில் இருப்பேன். அழுகின வெங்காயம், கருவாடு, சாக்கடை, வெற்றிலை எச்சில். மழை பெய்தால் கணுக்காலுக்குக் கறுப்புத் தண்ணீர். உள்பாவாடைக் கட்டை அவிழ்த்தால் கரப்பான் ஓடும். மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூட மீட்டிங்கில் ஒரு அம்மா, "கட எவிடெயாணு?" என்று கேட்டாள். சாலையில் என்றேன். "அய்யோ, அவிடெ மனுஷ்யனு நடக்கான் பற்றுமோ?" என்று, மனுஷன் நடக்கிற இடமா அது என்பதுபோல, முகத்தைச் சுளித்தாள். அந்தச் சுளிப்பை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்து வருஷக்கணக்கில் வளர்த்தேன்.

அப்போதுதான் நகரத்துக்கு நடுவில் அந்த மால் எழும்பியது. நான்கு மாடி, இரண்டு எஸ்கலேட்டர், மேலே சாப்பாட்டுக் கடைகள். கடை எடுக்கிறவர்களுக்கு ஒரு பளபளப்பான புத்தகம் கொடுத்தார்கள். அதில் இருந்த பெண்கள் எல்லோரும் வெள்ளைக்காரிகள். கையில் பை, முகத்தில் சிரிப்பு, யாரும் பிளவுஸ் போடுகிற சாதியாகத் தெரியவில்லை. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. கரப்பான் இல்லாத கடை, கால் நனையாத வாசல், மீட்டிங்கில் சொல்லிக்கொள்ள ஒரு பெயர். இவ்வளவுதான் தெரிந்தது.

அத்தான் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சாப்பிட்டுக் கை கழுவினார். பிறகு கேட்டார்:

"ஏ பிள்ளே, அங்க வெயிலு எங்க இருக்கு?"

"லைட்டு இருக்குல்லா."

"லைட்டுல துணி பொய் சொல்லும்."

"ஊரு ஒலகத்துல எல்லாவனும் லைட்டுக்குக் கீழதான் யாவாரம் பண்ணுதான். ஒங்களுக்கு மட்டும் சூரியன் பல்லக்குல வந்து எறங்கணுமா?"

இப்படி ஒரு நாள் இல்லை, மூன்று மாதம். சாப்பாடு வைக்கும்போது, பஸ்ஸில், மகள் முன்னால், அவருடைய தங்கை முன்னால். நச்சரிப்பதில் எனக்கு நிகர் நான்தான். கடைசியில், "சரி, ஒன் இஷ்டம்" என்றார். சாலைக் கடையைக் கட்டடச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்த அன்றைக்கு அந்தக் கருங்கல் படியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வந்தார். எதற்கு வெட்டி வேலை என்று நான் கேட்டேன். அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

திறப்பு விழாவுக்கு ஒரு நடிகர் வந்தார். அவரைப் பார்க்க வந்த கூட்டம் இரண்டு பூச்சட்டியையும் ஒரு கண்ணாடிக் கதவையும் உடைத்துவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு வருஷம் திருவிழாதான். ஊரே அங்கே வந்தது, வாங்குவதற்கு அல்ல, குளிர்வதற்கு. குடும்பம் குடும்பமாக வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, மூத்திரம் பெய்துவிட்டு, ஒரு ஐஸ்கிரீமை நான்கு பேர் நக்கிவிட்டுப் போவார்கள். எஸ்கலேட்டர் அடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறியவர்களும் உண்டு. பயந்த பெண்களின் கையைப் பிடித்து ஏற்றிவிட ஒரு செக்யூரிட்டி இருந்தான். யார் கையைப் பிடிக்க வேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பதில் அவன் மிகவும் கவனமாக இருந்தான். கேடு கெட்டவன். வாரத்துக்கு நான்கு பேருக்காவது சேலை ஓரம் படியிடுக்கில் மாட்டிக் கிழியும். அவர்கள் நேராக எங்கள் கடைக்கு ஃபால் வாங்க வருவார்கள். முதல் வருஷத்தில் எங்களுக்கு நடந்த வியாபாரத்தில் பெரும்பங்கு அந்த எஸ்கலேட்டர் கடித்துக் கொடுத்ததுதான்.

நான் சந்தோஷமாக இருந்தேன், இல்லை என்று சொன்னால் பொய். வியர்க்காமல் உட்கார்ந்திருந்தேன். பவுடர் கரையவில்லை. மாலின் பெயரைச் சொன்னால் மீட்டிங்கில் நாற்காலி இழுத்துப் போட்டார்கள்.

எங்கள் கடை இரண்டாம் மாடியில் உள்ளடங்கிய மூலை. ஒரு ஜன்னல் கிடையாது. எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி மஞ்சள் விளக்குதான் போட வேண்டும், அதுதான் அழகு என்று மால் மேனேஜர் சுற்றறிக்கை விட்டார். டை கட்டின ஆள். அந்த மஞ்சளில் எல்லாத் துணியும் ஏதோ பாயசத்தில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. அத்தான் இரண்டே நாளில் வெயிலைக் கண்டுபிடித்துவிட்டார். நடைபாதையின் கடைசியில், கழிவறைக்கு அப்புறம், தீப்பிடித்தால் ஓடுவதற்கு ஒரு இரும்புக் கதவு. அதைத் தள்ளினால் வெளியே இரும்புப் படிக்கட்டு. அங்கே நல்ல கிழக்கு வெயில்.

அதற்குக் கீழேதான் மாலின் குப்பை மொத்தமும். மேல்மாடிச் சாப்பாட்டுக் கடைகள் கொட்டிய கோழி எலும்பும் பிசைந்த சோறும் வெயிலில் வெந்து நுரைத்துக் கிடக்கும். புழு நெளிவது இரண்டாம் மாடியிலிருந்து கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேலே நின்றுகொண்டு அத்தான் பட்டுச் சேலையை விரிப்பார். சேலைக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காக்கைகள் பறக்கும். "சேரும்" என்பார். முன்வாசலில் அத்தனை சென்ட் அடித்து, பளிங்கு துடைத்து, பின்வாசலில் இப்படி ஒரு நரகம். சாலைச் சாக்கடையாவது கண்ணுக்கு முன்னால் ஓடியது, ஒளிந்து நாறவில்லை. ஆனாலும் நான் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. இழுத்துக்கொண்டு வந்தவள் நான் அல்லவா?

ஒரு வாடிக்கைக்காரி அந்தக் குப்பையைப் படம் பிடித்து எங்கேயோ போட்டுவிட்டாள். மேனேஜர் வந்தார். குப்பையை அள்ளச் சொல்வார் என்று நினைத்தேன்.

"சேட்டா, இது ஃபயர் எக்ஸிட்டாணு. கஸ்டமரை இதிலே கொண்டு போகான் பற்றில்ல. நாளை முதல் பூட்டும், கேட்டோ."

"தீப்பிடிச்சா நாங்க எங்க சார் போவோம்?" என்றேன்.

அவர் சிரித்தார். மறுநாள் கதவில் சங்கிலியும் பூட்டும் தொங்கின. குப்பை அப்படியே இருந்தது.

அடுத்த மாதம் ஓணம். பள்ளிக்கூடங்களில், ஆபீஸ்களில் ஓண விழா நாளில் பெண்கள் எல்லோரும் வெள்ளையில் சரிகைக்கரை வைத்த கசவுச் சேலை உடுத்து, ஒரே நிறத்தில் பிளவுஸ் போட்டுக்கொண்டு பூக்களத்தைச் சுற்றி நின்று படம் எடுப்பது இங்கே பழக்கம். சாலைக் காலத்திலிருந்து எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒரு டீச்சர், தன் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு பேருக்கும் மயில்பச்சையில் துணி வேண்டும் என்றார். அத்தனை பேருக்கு ஒரு பேல் போதாது. ஒரே கம்பெனி, ஒரே நம்பர் போட்ட இரண்டாவது பேல் இருந்தது. ஆனால் நம்பர் ஒன்றாக இருந்தாலும் சாயத்தில் தோய்த்த நாள் வேறாக இருந்தால் நிறம் தப்பும். வெயிலில் காட்டாமல் அத்தான் இரண்டு பேலைச் சேர்த்து வெட்டியதே இல்லை.

இரண்டு பேலையும் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சங்கிலிக் கதவு முன்னால் போய் நின்றார். சாவி மேனேஜரிடம், மேனேஜர் லீவில். வெளியே ரோட்டுக்குக் கொண்டு போகலாம் என்றால் சரக்கு வெளியே போக சீட்டு வேண்டும், சீட்டில் கையெழுத்துப் போடுவதும் அதே மேனேஜர். திரும்பி வந்தார்.

"நாளைக்குப் பாப்போம் பிள்ளே."

"நாளைக்கு டெய்லர் எடுக்கமாட்டான் அத்தான். எனக்கும் கண்ணு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான். வெட்டுங்க."

என்னைப் பார்த்தார். வெட்டினார்.

திருவோணம் கழிந்து டீச்சர் வந்தார். சத்தம் போடவில்லை. போனை மேசைமேல் வைத்தார். பள்ளிக்கூட முற்றத்தில் பூக்களம். அதைச் சுற்றி நல்ல வெயிலில் இருபத்திரண்டு பெண்கள். பாதிப் பேர் பச்சை, பாதிப் பேர் நீலம். இரண்டு கட்சிக்காரர்கள் கூட்டம் போட்டதுபோல இருந்தது.

"சேட்டன் வெயிலத்து நோக்கியில்லே?" என்று மட்டும் கேட்டார்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் முந்திக்கொண்டு, "லைட்டு டீச்சர், இந்த லைட்டுதான் சதி பண்ணிட்டு" என்றேன். அது உண்மைதான். அன்றைக்கு உண்மை. மஞ்சள் விளக்கின் கீழே எனக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அந்த உண்மையை நான் பிறகு எத்தனை வருஷம் பயன்படுத்தினேன் என்பதுதான் என் வெட்கக்கேடு.

ஒருத்தி திரும்பி வந்தபின் மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். கத்தரிப்பூ நிறம் ஊதாவாகப் போனது, வெளிர்நீலம் பச்சையடித்தது. ஒவ்வொரு தடவையும் நான் லைட்டைத் திட்டுவேன். மேனேஜரின் அறைக்கே போய்ச் சண்டை போட்டேன். கடைசியில் மஞ்சள் விளக்கு விதியைத் தளர்த்தினார்கள். அத்தான் சாலைக்குப் போய், பகல் வெளிச்சம் தரும் என்று சொல்லி விற்ற டியூப்களை வாங்கிவந்து மாட்டினார். அது சரியில்லை என்று வேறு கம்பெனி டியூப். பிறகு எல்.இ.டி. கடை ஆப்பரேஷன் தியேட்டர்போல வெளுத்தது, ஆனாலும் துணி தப்பியது. என் பச்சைச் சேலைக்கு அவர் வெட்டிய பிளவுஸே நீலமாகப் போயிற்று. வெளியே வந்து பார்த்து, டியூப்பைச் சபித்துவிட்டு, அதையே தைத்துப் போட்டுக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

அதற்குள் மாலே அழுக ஆரம்பித்திருந்தது. பைபாஸ் பக்கம் பிரம்மாண்டமாக இன்னொரு மால் வந்தது. இங்கே வந்து குளிர்ந்துகொண்டிருந்த கூட்டம் ஒரே வாரத்தில் அங்கே குளிரப் போய்விட்டது. நன்றி கெட்ட கூட்டம் என்று திட்டினேன். நான் சாலைக்குச் செய்ததும் அதுதானே என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டேன். முதலில் கீழே இருந்த சூப்பர் மார்க்கெட் போயிற்று. அவர்கள் விட்டுப்போன அரிசியைத் தின்று எலிகள் பெருத்தன. பிறகு செருப்புக்கடை, பொம்மைக்கடை, கண்ணாடிக்கடை. காலியான கடைகளின் ஷட்டரில் 'விரைவில் புதுப்பொலிவுடன்' என்று எழுதி ஒட்டினார்கள். அந்த எழுத்தின் மேலேயே வெற்றிலை துப்பினார்கள்.

மிச்சமிருந்த கடைக்காரர்களின் மாதக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். மேனேஜர் வந்து நல்ல காலம் பிறக்கப்போகிறது என்பார். எல்லோரும் பஃப்ஸ் தின்று டீ குடித்துவிட்டுக் கை தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். நினைத்தால் கையை வெட்டிப் போடலாம்போல இருக்கிறது.

ஏ.சி.யை மத்தியானம் மட்டும் போட்டார்கள், பிறகு அதுவும் இல்லை. கூரையிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டி, கீழே வைத்த வாளிகளில் கொசு வளர்ந்தது. கழிவறையில் தண்ணீர் நின்றுபோனது. ஆனால் உபயோகிப்பவர்கள் நிற்கவில்லை. அந்த வாசலைக் கடக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்பது எட்டு எண்ணி நடப்பேன். எஸ்கலேட்டர் ஒரு நாள் பாதியில் நின்றது, யாரும் சரிசெய்யவில்லை. மூலை மறைவுகளில் காதலர்கள். அவர்கள் போனபிறகு கிடந்ததையெல்லாம் எழுதக் கூசுகிறது. கரப்பானுக்குப் பயந்து ஓடிவந்தவள் நான். உள்பாவாடைக் கட்டில் எலி குட்டி போட்டிருந்தது. சிவப்பாக, கண் திறக்காமல், ஏழு. அத்தான் அவற்றை ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு போனார். நான் வாந்தியெடுத்தேன்.

"பேசாம கடையை மூடிருவோம் அத்தான்."

"மூடிட்டு? சாலைக்கா போவ முடியும்?"

போக முடியாதுதான். எங்கள் பழைய கடையில் போன் கவர் விற்கிற ஒருவன் உட்கார்ந்துவிட்டிருந்தான். ஆனாலும் அந்த மாதத்தோடு முடித்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். செக்யூரிட்டியும் அதற்கு முன்னாலேயே வேலையை விட்டுப் போய்விட்டிருந்தான். யாரோ இரும்புக்காக அந்தப் பின்கதவுச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அத்தான்தான் அதைக் கண்டுபிடித்தார். கடைக்கு ஓடி வந்தார். "பிள்ளே, கதவு தொறந்து கெடக்கு" என்றார். இத்தனை வருஷத்தில் அவரை அப்படி ஒரு முகத்தோடு நான் பார்த்ததில்லை.

அந்த வாரமே டீச்சர் வந்தார். ரிட்டயர் ஆகி, தலை நரைத்து, நின்றுபோன எஸ்கலேட்டரில் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருந்தார். கடை மூடுகிறது என்று யாரோ சொன்னார்களாம். கையில் ஒரு மயில்பச்சைப் பட்டுச்சேலை.

"சேட்டன் தன்னெ வெட்டித் தரணம். வெயிலத்து நோக்கியிட்டு" என்றார்.

அத்தான் பேலைத் தூக்கித் தோளில் சாய்த்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம். கழிவறை, நாற்பது எட்டு, இரும்புக் கதவு. கீழே குப்பை இப்போது மழைத்தண்ணீரோடு சேர்ந்து பச்சைக் குழம்பாக நின்றிருந்தது. மேலே சுத்தமான காலை வெயில், பத்து மணி வெயில், அவருக்குப் பிடித்த வெயில். சேலையை விரித்தார். துணியை அதன்மேல் வைத்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார். அவசரமே படவில்லை.

"சேரும்" என்றார்.

சேலை பச்சை. துணி நீலம். கொஞ்சம்நஞ்சம் இல்லை, குருடனுக்கும் தெரிகிற வித்தியாசம். மஞ்சள் விளக்கு இல்லை, டியூப் இல்லை, மேனேஜர் இல்லை. வெயில்தான் இருந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார், நான் டீச்சரைப் பார்த்தேன்.

"சேரும் சேட்டா. வெட்டிக்கோளூ" என்றார் டீச்சர்.

"சேரும் அத்தான்" என்றேன் நானும்.

அவர் வெட்டி, மடித்து, பையில் போட்டுக் கொடுத்தார். கடைசி வெட்டு தப்பாமல் போனதில் அவருக்கு அவ்வளவு நிம்மதி. டீச்சர் எஸ்கலேட்டரில் இறங்கும்போது என் கையைப் பிடித்து, "கண்ணு டாக்டரெ காணிக்கணம், வேகம்" என்றார்.

டாக்டர் தமிழ்ப் பெண், எங்கள் ஊர்ப் பக்கம். சர்க்கரை கண்ணில் இறங்கியிருக்கிறது என்றார். நீலமும் பச்சையும் பிரித்துத் தெரியாது. இருப்பதைக் காப்பாற்ற ஊசி போடலாம், போனது வராது. பிறகு பேனாவை மூடிக்கொண்டு கேட்டார்:

"நெறம் தப்ப ஆரம்பிச்சு ரொம்ப வருஷம் ஆயிருக்குமே. அப்பவே வந்திருந்தா பிடிச்சு நிறுத்தியிருக்கலாம். கவனிக்கவே இல்லியா?"

"லைட்டு சரியில்லன்னு நெனச்சோம்" என்றார் அத்தான்.

சாலையிலேயே இருந்திருந்தால், முதல் துணி தப்பிய அன்றைக்கே, அந்தக் கருங்கல் படியில், ஏதாவது ஒரு வாயாடி "சேட்டா, இது நீலமல்லே?" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பாள். ஓணத்துத் துணி லைட்டால் தப்பியது. அதற்குப் பிறகு தப்பியவற்றில் எது லைட்டு, எது கண் என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் லைட்டு என்று அடித்துச் சொல்லி அவரை நம்பவைத்தவள் நான்.

கிழக்கேகோட்டைக்கு வந்தும் பஸ் ஏறாமல் அவர் சாலைக்குள் நடந்தார். நானும் நடந்தேன். வெங்காயம், கருவாடு, எல்லாம் அப்படியே. எங்கள் சந்தில், போன் கவர்க் கடைக்கு முன்னால், அந்தப் படிமேல் வெயில் விழுந்திருந்தது. அதில் ஏறி நின்றார். வழி, வழி என்று ஒருவன் மூட்டையோடு கத்தினான். அத்தான் என் முந்தானையை எடுத்து, நான் போட்டிருந்த பிளவுஸின் கையோடு சேர்த்துப் பிடித்தார். ஆயுசில் அடுத்தவரிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"சேருமா பிள்ளே?"

அது அந்தப் பச்சைச் சேலைதான், அந்த நீல பிளவுஸ்தான்.

"சேராது அத்தான்."

முந்தானையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"பின்ன ஏன் உடுத்திட்டு அலையுதே?"

"நீங்க வெட்டுனதுல்லா" என்றேன்.